பென்சிலில் ஒரு முகம்: வாசகர் கேள்வி–பதில்

சென்ற இதழில் பென்சிலால் உருவப்படம் வரைவது பற்றிச் சில பக்கங்கள் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை சேலத்திலிருந்தும் ஏற்காடு, ஆத்தூர்ப் பக்கங்களிலிருந்தும் வந்தவை. சேலத்தில் பல ஆண்டுகளாக ஓவிய வகுப்பு நடத்துகிறவன் என்பதால், இக்கேள்விகளில் பலவற்றை மாணவர்கள் வாயிலாக நான் முன்பே கேட்டிருக்கிறேன். ஒன்றுபோல் இருந்தவற்றைச் சேர்த்து, விரிவான விடை தேவைப்பட்டவற்றுக்கு இங்கே இடம் கொடுத்திருக்கிறேன்.

“தோழியின் முகத்தைக் கைப்பேசிப் படத்தைப் பார்த்து வரைந்தேன். கண், மூக்கு, உதடு ஆகியவற்றைத் தனித்தனியே பார்த்தால் அப்படியே இருக்கின்றன. மொத்தமாகப் பார்த்தவர்களோ, ‘அவளுடைய அக்காவா?’ என்று கேட்கிறார்கள். எங்கே தவறு செய்கிறேன்?”
— கல்லூரி மாணவி, அம்மாபேட்டை

உங்களிடம் கேட்டவர்கள் தம்மை அறியாமலே தவறு இருக்கும் இடத்தைச் சொல்லிவிட்டார்கள். அக்காவுக்கும் தங்கைக்கும் உறுப்புகள் ஒத்திருக்கும். அவற்றுக்கு இடையிலான தூரங்கள்தாம் வேறுபடும். நீங்கள் உறுப்புகளை நன்றாக வரைந்துவிட்டீர்கள், தூரங்களைக் கவனிக்கத் தவறிவிட்டீர்கள்.

பொதுவான அளவுகளை முதலில் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நேராகப் பார்க்கும் முகத்தில், உச்சந்தலையிலிருந்து மோவாய் வரையுள்ள உயரத்தின் சரிபாதியில் கண்கள் அமைகின்றன. புதிதாக வரைகிறவர்களில் பெரும்பாலோர் நெற்றியின் மேல்விளிம்பை முகத்தின் தொடக்கமாகக் கொண்டு, கூந்தலுக்குள் மறைந்திருக்கும் மண்டையை மறந்துவிடுவதால், கண்கள் மேலே ஏறிப்போய்த் தலை தட்டையாகிவிடுகிறது. தலையின் அகலம் ஏறத்தாழ ஐந்து கண்களின் அகலத்துக்குச் சமம். இரு கண்களுக்கும் நடுவே இன்னொரு கண் வைக்கும் அளவுக்கு இடம் இருக்கும். புருவத்துக்கும் மோவாய்க்கும் நடுவில் மூக்கின் அடி வரும். மூக்கின் அடிக்கும் மோவாய்க்கும் இடையே மேலிருந்து மூன்றில் ஒரு பங்கில் இதழ்கள் சேரும் கோடு அமையும். காதுகள் புருவ மட்டத்துக்கும் மூக்கின் அடி மட்டத்துக்கும் இடையே இருக்கும்.

இவை சராசரி அளவுகள் என்பதால், இவற்றை அப்படியே பின்பற்றினால் சராசரி முகம் ஒன்றுதான் கிடைக்கும். உங்கள் தோழி இந்தச் சராசரியிலிருந்து எங்கெங்கே விலகுகிறார் என்பதைத் தேடுங்கள். அவருடைய மூக்கின் அடி சற்று மேலே இருக்கலாம். ஒரு கண் மற்றொன்றைவிட ஒரு நூல் இறங்கியிருக்கலாம். மேலுதட்டுக்கும் மூக்குக்கும் இடையே உள்ள பள்ளம் குறுகலாக இருக்கலாம். இப்படி மூன்று விலகல்களைக் கண்டுபிடித்துத் தாளின் ஓரத்தில் எழுதி வைத்துக்கொண்ட பிறகே கோடு போடத் தொடங்க வேண்டும் என்று என் வகுப்பில் நான் வற்புறுத்துவதுண்டு. சாயல் முழுவதும் அந்த மூன்று வரிகளுக்குள்ளேதான் இருக்கிறது.

இன்னொரு காரணமும் இருக்கக்கூடும். அது செல்ஃபி படமாக இருந்தால், கேமரா மிக அருகில் இருப்பதால் மூக்கு பெருத்தும் காதுகள் பின்வாங்கியும் தெரியும். ஐந்தடித் தூரத்திலிருந்து எடுக்கும் படத்தோடு ஒப்பிட்டால், ஓரடித் தூரத்தில் எடுத்த படத்தில் மூக்கின் அகலம் ஏறத்தாழ 30 விழுக்காடு கூடுதலாகத் தெரிகிறது என்று அமெரிக்க மருத்துவர்கள் 2018இல் கணக்கிட்டு எழுதினார்கள். அப்படத்தை நீங்கள் எவ்வளவு துல்லியமாக வரைந்தாலும், தோழியை நேரில் பார்த்துப் பழகிய வீட்டாருக்கு அது அவராகத் தெரியாது. ஆறேழு அடி தள்ளி நின்று, ஜூம் செய்து, வாசற்படியின் ஓரத்தில் ஒரு பக்கமிருந்து வெளிச்சம் விழும்படி உட்கார வைத்து எடுங்கள். தலைக்கு நேர்மேலே எரியும் டியூப்லைட்டின் கீழ் எடுத்த படத்தில் கண்குழி இருண்டுபோய், கன்னத்தின் வளைவு காணாமல் போய்விடும்.

வரைந்ததைச் சரிபார்க்க எளிய வழி, படத்தையும் தாளையும் தலைகீழாகத் திருப்பிப் பக்கத்தில் பக்கத்தில் வைப்பதுதான். தலைகீழாக இருக்கும்போது கண்ணைக் கண் என்று மனம் அடையாளம் காண்பது குறைந்து, வடிவங்களும் இடைவெளிகளும் மட்டும் தெரியும். தாளைக் கண்ணாடியில் காட்டிப் பார்த்தால், நாள் முழுவதும் பார்த்துப் பழகிப்போன கோணல்கள் உடனே புலப்படும்.

“கட்டம் போட்டு வரைவது காப்பி அடிப்பதற்குச் சமம் என்கிறார் என் ஓவிய நண்பர். உண்மையா?”
— நெசவுத் தொழில் செய்யும் வாசகர், பொன்னம்மாபேட்டை

நீங்கள் இதைக் கேட்டது எனக்கு வியப்பாக இருக்கிறது. பட்டுச் சேலையில் அன்னமும் மயிலும் வருவதற்கு முன், அந்த உருவங்களைக் கட்டத் தாளில் கட்டம் கட்டமாக வரைந்து, அதைப் பார்த்து, தறியில் எந்த நூல் எழ வேண்டும் என்று காட்டும் ஜக்கார்டு அட்டையில் துளையிடுவதை உங்கள் தொழிலில் கண்டிருப்பீர்களே! அந்த டிசைன் தாளைக் காப்பி என்று யாரும் சொல்வதில்லை.

இத்தாலியைச் சேர்ந்த ஆல்பெர்ட்டி 1435இல் எழுதிய ஓவிய நூலிலேயே, மெல்லிய துணியில் தடித்த நூல்களால் சதுரங்கள் பிரித்து, அதை வரையப்படும் பொருளுக்கும் கண்ணுக்கும் இடையில் நிறுத்திப் பார்த்து வரையுமாறு அறிவுறுத்தியிருக்கிறார். படத்தின் மேலும் தாளிலும் ஒரே எண்ணிக்கையில் கட்டங்கள் போட்டு, கட்டம் கட்டமாகப் பார்த்து வரைகிறோம். கட்டம் என்பது அளவெடுக்கும் கருவி. ஆனால் ஒரே கருவியை எப்போதும் பிடித்துக்கொண்டிருந்தால் கண் வளராது என்பதில் உங்கள் நண்பரின் கவலை நியாயமானதே. எனவே முதல் ஐந்து படங்களுக்கு அரை அங்குலக் கட்டமும், அடுத்த ஐந்துக்கு ஓரங்குலக் கட்டமும் போடுங்கள். பிறகு குறுக்கும் நெடுக்குமாக இரண்டு கோடுகளும் இரு மூலைவிட்டங்களும் மட்டும் போதும். அதன் பின் கோடே இல்லாமல், பென்சிலைக் கையை நீட்டிப் பிடித்து அளவெடுத்து வரைய முடியும்.

ஒரு நடைமுறைக் குறிப்பு. 4×6 அங்குலப் படத்தில் அரை அங்குலக் கட்டம் போட்டால் 96 கட்டங்கள் வரும். அதையே ஓரங்குலக் கட்டமாகப் பெரிதாக்கினால் படம் 8×12 அங்குலம் ஆகும். ஏ4 தாளின் நீளம் 12 அங்குலத்துக்குச் சற்றே குறைவு என்பதால் தாள் போதாது. ஏ3 தாள் வாங்கிக்கொள்ளுங்கள். கட்டங்களை 2எச் பென்சிலால் அழுத்திப் போடாதீர்கள். கூர்மையான கடினப் பென்சில் தாளில் பள்ளம் கீறிவிடும். கோட்டை அழித்த பிறகும், மேலே நிழல் தீட்டும்போது அந்தப் பள்ளம் வெள்ளைக் கம்பியாகக் கன்னத்தின் நடுவே எழுந்து நிற்கும். எச்.பி. பென்சிலைப் பட்டும் படாமலும் இழுத்தாலே போதும்.

“பென்சில் பெட்டி வாங்கப் போனால் பன்னிரண்டு, பதினான்கு என்று காட்டுகிறார்கள். எல்லாம் வேண்டுமா?”
— இல்லத்தரசி, செவ்வாய்ப்பேட்டை

வேண்டாம். எச்.பி., 2பி, 4பி, 6பி ஆகிய நான்கே போதும். களிமண்ணையும் கிராஃபைட் தூளையும் கலந்து சூளையில் சுட்டுப் பென்சில் முனை செய்யும் முறையை 1795இல் பிரான்ஸில் கோன்டே என்பவர் வகுத்தார். களிமண் கூடினால் முனை கடினமாகவும் வெளிறியும் (எச் வகை), கிராஃபைட் கூடினால் மென்மையாகவும் கருமையாகவும் (பி வகை) எழுதும் என்பதே இந்த எழுத்துகளின், எண்களின் பொருள். பெட்டியில் மிச்சமாகும் பணத்தை நல்ல தாளுக்கும், பிசைந்து உருட்டக்கூடிய ரப்பருக்கும் செலவிடுங்கள். சார்ட் தாளில் பென்சிலின் இரண்டாம் அடுக்கு ஏறாது. 150 முதல் 200 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்ற தாளின் எடை அளவு) வரையுள்ள, கையால் தடவினால் லேசான சொரசொரப்புத் தெரியும் டிராயிங் தாளைக் கேட்டு வாங்குங்கள்.

“ஏற்காட்டில் மழைக்காலத்தில் தாள் நமத்துப்போகிறது, நிழல் திட்டுத் திட்டாக விழுகிறது. சட்டம் போட்டு மாட்டிய படத்திலும் பூஞ்சை பிடித்துவிட்டது. என்ன செய்யலாம்?”
— பள்ளி ஆசிரியை, ஏற்காடு

ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில், மேகம் ஜன்னல் வழியே வீட்டுக்குள் நுழையும் ஊரில் இது இயல்பாக வரும் தொல்லைதான். தாளின் நார்கள் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி உப்புகின்றன. மேற்பரப்பு தளர்ந்துபோவதால் பென்சில் ஓரிடத்தில் வழுக்கியும் ஓரிடத்தில் அள்ளியும் படிகிறது. அழித்தால் நார் பிய்ந்து வருகிறது. தாள்களைத் தரையிலோ சுவரை ஒட்டியோ வைக்காமல், சிலிக்கா ஜெல் பொட்டலங்களுடன் மூடிய பிளாஸ்டிக் பெட்டியில் வைத்து, அன்றைக்கு வரையும் தாளை மட்டும் எடுங்கள். எடுத்த தாளின் நான்கு ஓரங்களையும் பலகையில் டேப் ஒட்டிக்கொண்டால் அலை அலையாக எழாது. காபிக்கொட்டை உலரும் காலத்தில் நிழல் தீட்டும் வேலையையும், மழைக் காலத்தில் கோட்டு வேலையையும் வைத்துக்கொள்ள முடிந்தால் மிகவும் நல்லது.

பூஞ்சைக்குக் காரணம் பெரும்பாலும் கண்ணாடி படத்தைத் தொட்டுக்கொண்டிருப்பதாகவே இருக்கும். இடையே தடித்த மவுண்ட் அட்டை வைத்துக் காற்றுக்கு இடம் விடச் சொல்லுங்கள், வெளிச்சுவரில் மாட்டாதீர்கள். பென்சில் கலையாமல் பிடித்துவைக்கும் ஃபிக்ஸேடிவ் திரவத்தைத் தெளிப்பதாக இருந்தால், வெயில் அடிக்கும் உலர்ந்த நாளில், ஓரடி தள்ளி நின்று, கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, மெல்லிதாக இரண்டு முறை தெளியுங்கள். ஈரக் காற்றில் தெளித்தால் வெண்மையான மூட்டம் படியக்கூடும். தலைமுடிக்கு அடிக்கும் ஸ்பிரேயை இதற்குப் பயன்படுத்தவே கூடாது, நாளடைவில் மஞ்சளாகும்.

உங்களுக்கு ஒரு கொடுப்பினையும் இருக்கிறது. பனிமூட்டத்தின் வழியே பரவி வரும் வெளிச்சத்தில் முகத்தின் நிழல்களுக்குக் கூர்மையான விளிம்பு இருக்காது. வெளிச்சம் நிழலாக மாறும் இடைநிறங்களை அவ்வளவு பொறுமையாகக் காட்டும் ஒளி கீழே சேலத்தின் வெயிலில் எங்களுக்குக் கிடைப்பதில்லை. மாணவர்களை ஜன்னலோரம் உட்கார வைத்து நேரில் பார்த்து வரையச் சொல்லுங்கள்.

“என் பாட்டி நல்ல கறுப்பு. அவரை வரையும்போதெல்லாம் முகத்தில் அழுக்குப் படிந்ததுபோல் ஆகிவிடுகிறது. நிறத்தைக் குறைத்து வரைந்தால் பாட்டியாகவே தெரியவில்லை. எந்தப் புத்தகத்திலும் இதற்கு வழி இல்லை.”
— வாசகர், கொண்டலாம்பட்டி

இந்த இதழின் கேள்விகளில் என் மனத்தைத் தொட்டது இதுதான். நமக்குக் கிடைக்கும் பயிற்சிப் புத்தகங்களில் பெரும்பாலானவை வெள்ளைத் தோலை முன்வைத்து எழுதப்பட்டவை. தாளின் வெண்மையைத் தோலின் நிறமாக விட்டுவிட்டு நிழலை மட்டும் தீட்டச் சொல்கின்றன. அம்முறையை நம் முகங்களுக்குப் பொருத்தினால் அழுக்குத்தான் மிஞ்சும். நிறத்தைக் குறைத்து வரைய உங்களுக்கு மனம் வராமல் போனது மிகச் சரி.

முதலில் தாளின் ஓரத்தில் ஒன்பது கட்டங்கள் போட்டு, முதல் கட்டத்தை வெறுந்தாளாக விட்டு, ஒன்பதாவதை 6பி பென்சிலால் முடிந்தவரை கருமையாக்கி, இடையில் உள்ளவற்றைப் படிப்படியாக நிரப்புங்கள். பிறகு படத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றி, ஒரு வெள்ளை அட்டையில் சிறு துளையிட்டு, அத்துளை வழியே கன்னத்தையும் நெற்றியையும் பாருங்கள். சுற்றியுள்ளவை மறைந்துபோவதால், அந்த இடம் எத்தனையாவது கட்டத்துக்கு ஒப்பாக இருக்கிறது என்று தெளிவாகத் தெரியும். பாட்டியின் தோல் ஐந்துக்கும் எட்டுக்கும் இடையே அமையலாம். ஆனால் நெற்றி மேட்டிலும் கன்ன எலும்பிலும் மூக்குத் தண்டிலும் விழும் பளபளப்பு இரண்டு வரைகூட ஏறியிருப்பதைக் காண்பீர்கள். தோலின் மேற்பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளி எந்த நிறத்தாருக்கும் ஏறத்தாழ ஒரே அளவுதான். உள்ளே சென்று திரும்பும் ஒளி கறுத்த தோலில் குறைவு. அதனால் பளபளப்பு எடுப்பாகத் தெரிகிறது. அழுக்குப் படிந்த தோற்றம் வருவதற்குக் காரணம், முகம் முழுவதையும் ஒரே கருமையில் தீட்டி, இந்தப் பளபளப்பைத் தொலைத்துவிடுவதே. கருமையைக் குறைக்காதீர்கள், பளபளப்பைத் திருப்பிக் கொடுங்கள்.

வரிசையாகச் சொல்கிறேன். முகத்தைத் தொடுமுன் பின்னணிக்கு நாலாவது கட்டத்தின் அளவுக்குச் சாம்பல் நிறம் கொடுத்துவிடுங்கள். வெள்ளைத் தாளின் நடுவே எந்த முகமும் தேவைக்கு மேல் கறுத்துத் தெரியும். அடுத்து, கண்ணின் பாவை, நாசித் துவாரம், இதழ்களுக்கு நடுவிலுள்ள கோடு ஆகிய ஆகக் கருமையான இடங்களைத் தீட்டிவிட்டால், மற்ற எல்லாவற்றையும் அவற்றோடு ஒப்பிட்டுக்கொள்ளலாம். கிராஃபைட்டின் படிகங்கள் தகடு தகடாக இருப்பவை என்பதால், அழுத்தித் தீட்டினால் அவை படிந்து பளபளத்து, கறுப்புக்குப் பதிலாக ஈய நிறம் காட்டும். எனவே அந்த ஆழ்ந்த இடங்களுக்குக் கரிப் பென்சில் வைத்துக்கொள்ளலாம். ஆனால் கிராஃபைட் வழவழப்பின் மேல் கரி ஒட்டாது, அதை முதலிலேயே போட்டுவிட வேண்டும். பிறகு தோலுக்கு 2பி பென்சிலைச் சாய்த்துப் பிடித்து, அழுத்தாமல், ஓர் அடுக்கின் மேல் வேறு திசையில் அடுத்த அடுக்காக ஏற்றிக்கொண்டே போங்கள். ஆறேழு அடுக்குகள் ஆகலாம். விரலால் தேய்க்கும் ஆசை வரும், தேய்க்காதீர்கள். விரலின் எண்ணெய்ப் பசை பட்ட இடம் அழியாத கறையாகிறது, நீங்கள் சொல்லும் அழுக்கில் பாதி அதுதான். தேவையென்றால் டிஷ்யூ தாளைச் சுருட்டி லேசாக ஒற்றுங்கள். கடைசியில், பிசையும் ரப்பரை நுனி கூர்மையாக உருட்டிப் பளபளப்பு விழும் இடங்களில் ஒற்றி எடுத்தால் முகம் எழுந்து வரும்.

சுருக்கங்களைக் கோடுகளாகப் போட வேண்டாம். ஒவ்வொரு சுருக்கமும் ஒரு சிறு வாய்க்கால். வெளிச்சம் வரும் திசையை ஒட்டிய கரை நிழலாகவும், எதிர்க்கரை ஒளியாகவும் இருக்கும். ஒளிக்கரையை ரப்பரால் எடுத்துவிட்டால் கருங்கோட்டின் தேவையே பெரும்பாலும் இருக்காது. விழி வெண்படலம் வெள்ளையல்ல என்பதையும் நினைவில் வைத்திருங்கள். மேல் இமையின் நிழல் அதன்மேல் விழுகிறது. முழு வெண்மையைக் கண்ணில் மின்னும் ஒரு புள்ளிக்கும் மூக்குத்திக்கும் மட்டும் சேமித்து வையுங்கள்.

“தலைமுடியை ஒவ்வொன்றாக வரைய வேண்டுமா?”
— பத்தாம் வகுப்பு மாணவர், ஆட்டையாம்பட்டி

வேண்டியதில்லை. எண்ணெய் தேய்த்து வாரிய கூந்தலைக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் நான்கைந்து பெரிய கற்றைகளும், அவற்றின் குறுக்கே ஓடும் ஓர் ஒளிப்பட்டையும் தெரியும். அவற்றை முதலில் திட்டுகளாகத் தீட்டிவிட்டு, நெற்றியோரத்திலும் காதோரத்திலும் மட்டும் பத்து இருபது இழைகளை விடுங்கள். நரைத்த முடிக்கு இழைகளுக்கு நடுவிலுள்ள இருளை வரைந்தால் நரை தானே வெளிப்படும்.

“என் தந்தையார் இறந்து பல ஆண்டுகள் ஆகின்றன. ஸ்டுடியோவில் எடுத்த ஒரே ஒரு பாஸ்போர்ட் அளவுப் படம்தான் இருக்கிறது. வரும் திதிக்குள் அவரைப் பெரிதாக வரைந்து அம்மாவிடம் கொடுக்க விரும்புகிறேன். முடியுமா?”
— வாசகர், ஆத்தூர்

முடியும். அவசரப்படாமல் இரண்டு மாதமாவது எடுத்துக்கொள்ளுங்கள்.

3.5×4.5 சென்டிமீட்டர் படத்தைக் கடையில் 600 டி.பி.ஐ. (அங்குலத்துக்கு 600 புள்ளிகள்) அளவில் ஸ்கேன் செய்து பெரிதாக அச்சிட்டு வாங்குங்கள். மூலப்படத்தின் மேல் கோடு போட்டுவிடாதீர்கள். அரை சென்டிமீட்டர்க் கட்டமாகக் கணக்கிட்டால் 63 கட்டங்கள் வரும். அதை ஐந்து மடங்காக்கி 2.5 சென்டிமீட்டர்க் கட்டமாகத் தாளில் போட்டால் படம் 17.5×22.5 சென்டிமீட்டர் ஆகி ஏ4 தாளில் நன்றாக அமரும். அதற்கு மேல் பெரிதாக்கினால், படத்தில் இல்லாத விவரங்களை நீங்களாகக் கற்பனை செய்ய நேரும். அப்போது அவர் வேறொருவராக மாறத் தொடங்குவார். மங்கலாகத் தெரியும் இடத்தை மங்கலாகவே விடுங்கள். சட்டையின் கழுத்துப்பட்டைக்குக் கீழே சில கோடுகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஒரு செய்தி உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். பழைய ஸ்டுடியோக்களில் நெகட்டிவின் மேலேயே கூர்மையான பென்சிலால் தீட்டி, சுருக்கங்களையும் தழும்புகளையும் மறைத்துவிடுவது வழக்கம். அதனால் அந்தப் படத்தில் உள்ள வழவழப்பான முகம் உங்கள் அம்மா அறிந்த முகமாக இல்லாமல் இருக்கலாம். கல்யாண ஆல்பத்தில் கூட்டத்தோடு நிற்கும் படமோ, குடும்ப அட்டையில் ஒட்டிய படமோ இருந்தால் தேடி எடுங்கள். அவற்றைப் பார்த்து வரைய முடியாவிட்டாலும், நெற்றிக்கோடு எங்கே இருந்தது, சிரித்தால் எந்தப் பக்கக் கன்னம் குழிந்தது என்று தெரிந்துகொள்ள அவை உதவும். தந்தையாரின் உடன்பிறந்தவர்கள் இருந்தால் அவர்கள் காதின் அமைப்பையும் மோவாயையும் கவனியுங்கள். ஆனால் அங்கே கண்டதைப் படம் ஒத்துக்கொண்டால் மட்டுமே சேர்த்துக்கொள்ளுங்கள்.

இதே நோக்கத்தோடு என்னிடம் வந்த சிலர், படத்தை முழுவதும் முடித்துச் சட்டம் போட்டு, வியப்பூட்டுவதற்காக ஒரே நாளில் தாயாரிடம் கொடுத்தார்கள். அவர் பார்த்துவிட்டு, “புருவம் இவ்வளவு நெருக்கமாக இருக்காதே” என்று மெல்லச் சொன்னபோது திருத்த வழியில்லாமல் போயிற்று. நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். நிழல் எதுவும் தீட்டாமல், எச்.பி. பென்சிலின் மெல்லிய கோட்டு வடிவமாக இருக்கும்போதே தாளை அம்மாவிடம் காட்டுங்கள். அவர் சொல்வதை மறுக்காமல் குறித்துக்கொண்டு, புருவமானால் புருவம், மீசையானால் மீசை என்று அழித்துத் திருத்தி, இரண்டு நாள் கழித்து மீண்டும் காட்டுங்கள். நான்கு முறை ஆனாலும் பரவாயில்லை. அவர் தாளைக் கையில் வாங்கி, சற்று நேரம் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தால், அன்றைக்கு 2பி பென்சிலைச் சீவுங்கள்.